பதினேழாவது சால்

வெட்டுப்பட்டுச் செத்த சென்றாயனின் பாதங்கள், புதைத்த மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போன நேரத்தில், மண்ணுக்கடியில் தாளம் போட ஆரம்பித்தன. கடத்தூருக்குத் தெற்கே ஐந்து மைல் தள்ளியிருக்கும் கரடுப்பட்டியில், 1935-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் இது நடந்தது. முதல் வாரம் ஜனம் திரண்டு போய்க் கேட்டது. இரண்டாம் வாரம் பாப்பாரப்பட்டிப் பக்கத்து மாட்டு வியாபாரி ஒருவர் துண்டை விரித்துப் படுத்து, மண்ணில் காதை வைத்துக் கேட்டார். "மூணடித் தாளமுங்க. பிசிறில்லாமத்தான் போடறாப்பல" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் வாரம் ஒரு மழை இறங்கியது. கேழ்வரகு விதைக்க வேண்டியிருந்ததால் ஊருக்கு அதற்குமேல் நேரமில்லை. சென்றாயனின் பெண்சாதி தீர்த்தம்மாள் மட்டும் குழிமேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணினாள். திரும்ப ஒருமுறை எண்ணினாள். சந்தேகமே இல்லை, மண்ணுக்குள் இருந்தவன் பதினேழு போட்டுக்கொண்டிருந்தான். பதினாறு என்று அடம்பிடித்ததற்காகத்தான் அவனை வெட்டியிருந்தார்கள்.

சண்டை கிணற்றுத் தண்ணீருக்கு. கரடுப்பட்டியில் மேல வூடு, கீழ வூடு என்று இரண்டு குடும்பங்கள், ஒரே பாட்டன் வழிப் பங்காளிகள். நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள், மாட்டைப் பிரித்துக்கொண்டார்கள், அண்டா குண்டானைக்கூடப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? கடிகாரம் பார்க்கத் தெரிந்தவன் எவனும் அப்போது அந்த ஊரில் கிடையாது. அதனால் தண்ணீரைப் பாட்டால் அளந்தார்கள். கவலையில் நீர் இறைக்கப் பூட்டிய மாடுகள் சரிவில் ஒருமுறை இறங்கினால் கயிறு இழுபட்டு ஒரு சால் தண்ணீர் மேலே வந்து கொட்டும். அந்த ஓர் இறக்கத்துக்குப் பாட்டில் ஒரு வரி. பாட்டின் முன்பாதி மேல வூட்டு வாய்க்காலுக்கு, பின்பாதி கீழ வூட்டு வாய்க்காலுக்கு. பாதியில் பாட்டு திரும்புகிற இடத்தில், மண்வெட்டியோடு நிற்பவர் மடையை மாற்றிவிட வேண்டும். மூன்று தலைமுறையாக இதில் ஒரு சச்சரவு கிடையாது. கயிற்றில் உட்கார்ந்து மாடு ஓட்டுகிறவன் பொய் பாடமாட்டான் என்பது ஏற்பாடு.

1934-இல் அந்தக் கிணறு சேறு தெரிய வற்றிப்போனது. மேட்டூரில் அணை கட்டி முடிந்து வேலையாட்கள் கலைந்துகொண்டிருந்த சமயம். அங்கே பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த கனடா தேசத்து ஆள் ஒருவன், ஒரு பெட்டித் தோட்டாவையும் ஒரு பிடிலையும் மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு கிணறு கிணறாகப் போய்ப் பாறை உடைத்துப் பிழைத்தான். பேர் தெலஸ்போர். ஊர் வாயில் நுழையாமல் தெலசப்பன் ஆனான். வெள்ளைக்காரன்தான், ஆனால் இங்கிலீஷ்காரன் இல்லை. அப்படி யாராவது சொல்லிவிட்டால் மூஞ்சி சிவந்து காறித் துப்புவான். அவன் ஊரில் பாதி வருஷம் பனி கொட்டுமாம், ஜனம் பிரெஞ்சுதான் பேசுமாம். கரடுப்பட்டிக் கிணற்றில் அவன் பதினோரு வெடி வைத்தான். பத்து வெடிக்குப் புகைதான் வந்தது. பதினோராவதில் ஒரு பாறைத் துண்டு பறந்து போய் ஆட்டுப்பட்டியில் விழுந்து இரண்டு கிடாய்களின் தலையை நசுக்கியது. கிணற்றில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. கிடாய்க்கறியை இரண்டு வீடும் பங்குபோட்டுத் தின்றார்கள். அவர்கள் சேர்ந்து தின்ற கடைசிச் சோறு அதுதான்.

தெலசப்பன் அதோடு போயிருக்கலாம். களியை மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொண்டுவிட்டான், மனுஷனுக்கு இடம் பிடித்துப்போனது. எட்டு மாசம் தங்கினான். சாயங்காலமானால் கிணற்றுக்கல்லில் உட்கார்ந்து பிடிலை எடுத்து எப்போதும் ஒரே பாட்டை வாசிப்பான். அவன் தேசத்துக் கல்யாண வீடுகளில் ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடுகிற மூணடிப் பாட்டாம். வாசிக்கும்போது இரண்டு பூட்ஸ் காலாலும் தரையை மாற்றி மாற்றி உதைத்துத் தாளம் போடுவான். உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிற ஆளைக் கரடுப்பட்டி அப்போதுதான் பார்த்தது. மாடுகளும் பார்த்தன. தை மாதம் இறைப்புக்குப் பூட்டியபோது, பழைய பாட்டுக்கு மாடுகள் ஓரடி எடுத்து வைக்கவில்லை. வாலை முறுக்கினார்கள், தார்க்குச்சியால் ரத்தம் வரக் குத்தினார்கள். கீழ வூட்டுச் செவலை படுத்தேவிட்டது. கயிற்றில் இருந்த மேல வூட்டுச் சென்றாயன் வெறுத்துப்போய் விளையாட்டுக்குத் தெலசப்பன் பாட்டை முனகினான். மாடுகள் எழுந்து, கொம்பை ஆட்டிக்கொண்டு, சரிவில் இறங்கின.

இதில் இரண்டு வீட்டுக்கும் தலைகால் தெரியாத பெருமை. சேலம் ஜில்லாவில் வேறு எவன் கிணற்றில் கனடா பாட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறான்? பாட்டுக்கு முன்பாதி பின்பாதி இருந்தது, முன்பாதி மேல வூட்டுக்கு, பின்பாதி கீழ வூட்டுக்கு என்று பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டார்கள். ஒருத்தனாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா? அவர்கள் கேட்டு வளர்ந்த பாட்டு எதுவும் கோணலாகப் பிறந்ததில்லை, பாதி என்றால் பாதிதான் என்று விட்டுவிட்டார்கள். இறைப்புக்குத் தக்கபடி இழுத்துப் பாடினால் முன்பாதிக்குப் பதினாறு சால் வந்தது. பின்பாதி முடிகிற இடத்தில் ஒரு நடை கூடுதலாக இடறி விழுந்தது, அதற்கு ஒரு சால், ஆக பதினேழு. மூன்று மாசம் பாடியபிறகுதான் சென்றாயனுக்கே இது உறைத்தது. அதற்குள் கீழ வூட்டு மிளகாய்ச்செடி இடுப்புக்கு வளர்ந்திருந்தது, மேல வூட்டுச் செடி முழங்காலைத் தாண்டவில்லை.

கீழ வூட்டுக்குப் பெரியவன் முனிராஜ், சென்றாயனுக்குச் சித்தப்பா மகன். "பாட்டு அப்படித்தான் பொறந்திருக்குதுன்னா நாங்க என்னங்கண்ணா பண்றது?" என்றான். சென்றாயன், "பொறக்கலடா, எங்கியோ தப்பிப்போயிருக்குது" என்றான். ஊர்ப் பஞ்சாயத்து கூடித் தெலசப்பனைப் புளியமரத்தடியில் நிறுத்தி, பாட்டை யார் உண்டாக்கியது, அந்தக் கடைசி நடை பிறவியா, பிசகா என்று கேட்டது. அவன் முதல் நாள், ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிடுகிற ஒருவன் உண்டாக்கியது என்றான். இரண்டாம் நாள், மரம் வெட்டுகிற முகாமில் கத்திக்குத்து வாங்கிச் சாகக் கிடந்தவன் வாசித்தது என்றான். மூன்றாம் நாள் தன் தாத்தாவே என்றான். கடைசி நடையைக் கேட்டால் மட்டும், "இருக்கு. நான் வாசிக்கிறேன், இருக்கு" என்பான். கடைசியில் பஞ்சாயத்து நெருக்கவே, ஊரில் இருக்கிற அக்காவுக்குக் கடிதம் எழுதிக் கேட்பதாக ஒப்புக்கொண்டு, எழுதி, தபாலில் போட்டான். பதில் வரும்வரை பொறுப்பதென்று இரண்டு வீடும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தன. மிளகாய்ச்செடி பொறுக்குமா? வைகாசி வெயிலில் இலை சுருண்டுபோனது. ஆனி பிறந்த எட்டாம் நாள் காலையில் சென்றாயன் கயிற்றில் உட்கார்ந்து, அந்தக் கடைசி நடையை முழுங்கிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து எடுத்தான்.

முனிராஜின் தம்பி கோவிந்தன் வாய்க்கால் ஓரத்தில் கொடுவாளோடு வேலி முள் கழித்துக்கொண்டிருந்தான். பாட்டு வளைந்ததைக் கேட்டான். நேரே வந்து, சரிவில் இறங்கிக்கொண்டிருந்த சென்றாயனின் கழுத்துப்பட்டையில் போட்டான். இரண்டாவது வெட்டு தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. காலை ஊன்றிப் பிடுங்க வேண்டியிருந்தது. மாடுகள் நிற்கவில்லை, சரிவின் அடிவரை போய்த்தான் நின்றன. அந்தச் சால் தண்ணீர் மேலே வந்து கொட்டி, ரத்தத்தைச் சேர்த்துக்கொண்டு மேல வூட்டு வாய்க்காலில் ஓடியது. மடையில் மண்வெட்டியோடு நின்றிருந்த தீர்த்தம்மாள் தன் காலை நனைத்துப் போனது என்னவென்று உடனே விளங்கிக்கொள்ளவில்லை. தெலசப்பன் மத்தியானமே பிடிலோடு வண்டி கட்டிப் போனான், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அடுத்த வருஷம் கோவிந்தனை மேல வூட்டார் கம்பைநல்லூர்ச் சந்தையில், கத்தரிக்காய் கூறு கட்டியிருந்த இடத்தில், பட்டப்பகலில் குடல் சரியக் குத்தினார்கள். சென்றாயனின் அண்ணனைக் கீழ வூட்டார் ஏரிக்கரையில் பிடித்து, கல்லால் அடித்து, முகம் அடையாளம் தெரியாமல் செய்தார்கள். ஆளுக்கு ஆள், முறைக்கு முறை. இறைப்பு மட்டும் நிற்கவில்லை, கயிற்றில் மேல வூட்டான் உட்கார்ந்தால் பதினாறு, கீழ வூட்டான் உட்கார்ந்தால் பதினேழு. 1941 முடிவதற்குள் மேல வூட்டில் மூன்று, கீழ வூட்டில் மூன்று. போலீஸ் வந்தது, சாட்சி சொல்ல ஒரு நாக்கு அசையவில்லை. செத்த ஆறு பேரையும் கிணற்றை ஒட்டிய மேட்டில்தான் புதைத்தார்கள், ஆறு பேரின் பாதங்களும் தாளம் போட்டன. அதில்தான் கூத்து. மேல வூட்டுப் பிணங்கள் எல்லாம் பதினேழு போட்டன, கீழ வூட்டுப் பிணங்கள் எல்லாம் பதினாறு போட்டன. உயிரோடு இருந்தபோது எதை மறுத்து நின்றார்களோ அதையே மண்ணுக்குள் போனதும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வீட்டிலும் இதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. செத்தவனுக்குப் புத்தி பேதலித்துப்போகும் என்று இரண்டு வீட்டாருமே சொல்லிக்கொண்டார்கள்.

மேல வூட்டில் மிஞ்சிய ஒரே ஆண், தீர்த்தம்மாளின் மகன் குப்புராஜ். அப்போது இருபது வயசு. கடைசியாக விழுந்தது கீழ வூட்டு உயிர் என்பதால், அடுத்து விழ வேண்டியது இவன். இது ஊருக்கே தெரியும். குப்புராஜுக்கும் தெரியும். தீர்த்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை, மகன் வெளியே போனால் வந்து சேரும்வரை பொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். 1942 பங்குனியில் ஒரு நாள், மானத்தைவிட்டு, கீழ வூட்டுக் களத்துமேட்டுக்கே போய் முனிராஜ் முன்னால் நின்றாள்.

"கொழுந்தனாரே, அந்த ஒரு சால நீங்களே எடுத்துக்குங்க. நான் வாயத் தொறக்கமாட்டேன். எம் மவன விட்டுடுங்க."

"நீங்க குடுத்து நாங்க வாங்கறதுக்கு அது என்ன பிச்சைங்களா அண்ணி?" என்றான் முனிராஜ். குரலை உயர்த்தவில்லை, மரியாதையும் குறையவில்லை. "சென்றாயண்ணன் பொய் பாடுனாருன்னு ஊர்முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னிக்கே கொடுவாளக் கழுவி மோட்டுவளையில சொருவிடறேன்."

"அதுக்காவத்தான அவரு செத்தாரு?"

"எங்க வூட்டுலயுந்தான் செத்தாங்க."

"அப்ப என்னிய வெட்டிப்போட்டுக் கணக்கத் தீத்துக்குங்க."

"பொம்பளைங்கள இதுல சேத்தறதில்லீங்க அண்ணி. வூட்டுக்குப் போங்க" என்றான்.

அவள் போனாள். அந்த ஒரு வார்த்தையை வீட்டில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். என் புருசன் பொய் பாடினான். அவ்வளவுதான், நாலு சொல். மூன்றாவது சொல்லுக்கு மேல் போக முடியவில்லை. ஏழு வருஷமாகக் காதில் அவன் பாதச் சத்தம். தன் தாலி அறுந்ததற்கு ஒரே ஆறுதல் அவன் நியாயத்துக்குச் செத்தான் என்பதுதான். அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு எதை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பது என்று அழுதாள். பயமும் வீம்பும் மாறி மாறி அவளைத் தின்றன.

சித்திரை ஐந்தாம் நாள், வெயில் உச்சிக்கு ஏறுமுன், குப்புராஜ் கயிற்றில் உட்கார்ந்து இறைத்துக்கொண்டிருந்தான். மடையில் தீர்த்தம்மாள். பின்பாதி பதினாறாவது சால் வந்து கொட்டியபோது முனிராஜ் துண்டுக்குள் கொடுவாளோடு சரிவின் பக்கம் நடந்து போவதைப் பார்த்தாள். கொழுந்தன் அவளைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பேசாமல் தாண்டிப்போனான். அதுதான் அவன் செய்த தப்பு. பெண்பிள்ளைக்கு முதுகைக் காட்டி நடக்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் மடையை வெட்டுகிற அதே வீச்சில் மண்வெட்டியை ஓங்கி அவன் பிடரியில் இறக்கினாள். மண்டை ஓடு உடைகிற சத்தம் கிணற்றுக்குள் போய் எதிரொலித்து வந்தது. அவன் மண்டியிட்டு, திரும்பிப் பார்க்க முயன்றான். அவள் இன்னொன்று போட்டாள். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதற்கு அவசியமே இல்லை, கை நிற்கவில்லை. ஓடிவந்த குப்புராஜ், "அம்மா, போதும்மா" என்று மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு கதறினான். அவள் காம்பை விடுவித்துக்கொண்டு, கடத்தூர் ஸ்டேஷனுக்கு ஐந்து மைலும் நடந்தே போய், மண்வெட்டியை எழுத்தர் மேஜைமேல் வைத்தாள்.

சேலம் கோர்ட்டில் ஆயுள் தண்டனை. வேலூர்ப் பெண்கள் ஜெயிலில் ஐந்து வருஷம் நூல் நூற்றாள். கரடுப்பட்டியில் அதற்குள் ஏழாவது ஜோடிப் பாதம் சேர்ந்துகொண்டது. முனிராஜும் பதினாறுதான் போட்டான். அவன் பெண்சாதி காவேரி தினமும் விடிகாலையில் அதைக் கேட்டுக்கொண்டே சாணி தெளிப்பாள். கீழ வூட்டில் அப்போது மிஞ்சிய ஆண், அவள் மகன் மாதேஸ்வரன், பதின்மூன்று வயசு. கொடுவாள் தூக்கும் வயசு வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அதுவரை குப்புராஜே இரண்டு வீட்டுக்கும் இறைத்தான். அந்தப் பதினேழாவது நடை வந்தால் மாடுகளை நிறுத்தி வைப்பான், சால் கிணற்றுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

1946 கார்த்திகையில் கனடாவிலிருந்து கடிதம் வந்து சேர்ந்தது. உறைமேல் இடம் இல்லாத அளவுக்கு முத்திரைகள். ஏன் பதினோரு வருஷம் ஆயிற்று என்று தபால்காரரைக் கேட்டதற்கு, வந்ததே பெரிசு என்றார். கரடுப்பட்டியில் பிரெஞ்சு யாருக்குத் தெரியும்? உறை பிரிபடவில்லை என்று இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்ட பிறகு, குப்புராஜ் அதை வேலூருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தான். ஜெயிலில் புதுச்சேரிக்காரி ஒருத்தி இருந்தாள், சாராயம் கடத்தி உள்ளே வந்தவள். கான்வென்டில் பிரெஞ்சு படித்திருந்தாள், அவளைப் பற்றித் தீர்த்தம்மாள் மகனிடம் முந்தியே சொல்லியிருந்தாள். அவள் நூல் கதிரை ஓரமாக வைத்துவிட்டு வரிவரியாகப் படித்துச் சொன்னாள்.

தெலசப்பனின் அக்கா எழுதியிருந்தாள். பாட்டை யார் உண்டாக்கியது என்று எங்களுக்கே தெரியாது, இங்கே மூன்று குடும்பங்கள் சொந்தம் கொண்டாடுகின்றன, அதில் போன வருஷம்கூட ஒருவனுக்குப் பல் உடைந்தது. ஆனால் அந்தக் கடைசி நடை எந்தக் குடும்பத்துப் பாட்டிலும் கிடையாது, முன்பாதியும் பின்பாதியும் சமம். என் தம்பிக்கு ஒன்பது வயதில் பனியில் இடது கால் விரல்கள் விறைத்து உதிர்ந்துவிட்டன. தாளம் போடும்போது பாட்டு முடிகிற இடத்தில் அந்தக் கால் வழுக்கும், அதைச் சரிசெய்ய ஓர் அடி சேர்த்துப் போட்டுக்கொள்வான். நாங்கள் சிரிப்போம். சிரித்திருக்கக் கூடாது.

தீர்த்தம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதினாறுதான். அவள் புருஷன் பாடியதுதான் சரி. ஏழு உயிரும் ஒரு நொண்டிக் காலுக்குப் போயிருக்கிறது. புதுச்சேரிக்காரி, "நீங்க ஜெயிச்சிட்டீங்க அக்கா" என்றாள். தீர்த்தம்மாள் கடிதத்தை வாங்கி, எட்டாக மடித்து, அன்று களி கிண்டிய அடுப்பில் போட்டாள்.

1947 ஆவணியில், சுதந்திரத்தை ஒட்டிக் கைதிகள் சிலரை விட்டபோது அவளையும் விட்டார்கள். கரடுப்பட்டிக்கு வந்து இறங்கியபோது கிணற்றடியில் ஊரே நின்றது. மாதேஸ்வரனுக்குப் பதினெட்டு ஆகியிருந்தது, இடுப்பில் அவன் அப்பனின் கொடுவாள். குப்புராஜ் அவனுக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், எங்கும் ஓடவில்லை. பஞ்சாயத்துப் பெரியவர், "கடுதாசில என்னம்மா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.

தீர்த்தம்மாள் மகனைப் பார்த்தாள். அப்புறம் ஊரைப் பார்த்துச் சொன்னாள்.

"பதினேழுதானுங்க. பாட்டு அப்படித்தான் பொறந்துச்சாம். எம் புருசன் பொய்தான் பாடுனாரு."

மாதேஸ்வரன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், காவேரி தலையசைத்தாள். அவன் கொடுவாளை இடுப்பிலிருந்து எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் முக்கி, இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, வீட்டுப் பக்கம் நடந்தான்.

காவேரி மட்டும் போகவில்லை. தீர்த்தம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். அஞ்சு வருஷமாக அவள் யாரிடமும் உரக்கப் பேசியதில்லை என்பார்கள்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு கேட்டது நெசந்தானா அக்கா?"

"நெசந்தான்டி."

"அன்னிக்குக் களத்துமேட்டுல இந்த ஒத்த வார்த்தையத்தான கேட்டாரு?"

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் தீர்த்தம்மாள்.

காவேரி, சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனாள். குப்புராஜ் மாடுகளைப் பூட்டினான். பதினேழாவது சால் ஐந்து வருஷத்துக்குப் பிறகு மேலே வந்து, கீழ வூட்டு வாய்க்காலில் கொட்டியது. மேட்டில் ஏழு ஜோடிப் பாதங்கள் தாளம் போட்டபடி இருந்தன. மூன்று பேர் பதினேழு, நாலு பேர் பதினாறு. ஊர் கலைந்து சாமை விதைக்கப் போனது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.